‘டபக்’ சத்தம் வராத ஏசி

நெல்லித்தோப்பில் நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அஞ்சலாட்சி அக்கா, எதையும் நக்கிப் பார்க்காமல் நம்பமாட்டார். சர்க்கரை டப்பாவின் மேல் ‘சர்க்கரை’ என்று அவரே எழுதி ஒட்டியிருப்பார். அதை நிரப்புவதும் அவரேதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் விரல் நுனியில் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத்தான் கேக் மாவில் கொட்டுவார்.

கேக் போடுவதுதான் அவர் தொழில். பெயர்ப்பலகை கிடையாது. வீட்டின் முன் அறைதான் கிரீம் வேலை செய்யும் இடம். பிறந்தநாள், கிறிஸ்தவக் குழந்தைகளின் புதுநன்மை, கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் ஆட்கள் தேடி வருவார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீட்டுக்காரர்கள் வந்தால் கேக் என்று கேட்க மாட்டார்கள், “கத்தோ ரெடியா?” என்றுதான் கேட்பார்கள். அவர்களிடமும் இவர் ஆர்டரை எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் முட்டையை உடைப்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் மாடி அறையை வாடகைக்குக் கேட்டு வந்தபோது என்னையும் ஒருவகையில் நக்கித்தான் பார்த்தார். பெயர் வெற்றிவேல், ஊர் கரையாம்புத்தூர், அப்பா பெயர் பாவாடை, அவருக்கு விவசாயம், எனக்கு உப்பளத்தில் ஒரு அலுவலகத்தில் மிஷின் பாகங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரையும் வேலை, படிப்பு பி.டெக். மெக்கானிக்கல் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“பி.டெக்.னா சர்ட்டிபிகேட் இருக்குமில்ல?”

“ஊர்ல இருக்குதுக்கா. ஜெராக்ஸ் வேணா இப்பவே காட்டுறேன்.”

“ஜெராக்ஸ் யாருக்கு வேணும்? ஒரிஜினல எடுத்துக்கினு வா.”

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தச் சான்றிதழை அப்பா பீரோவில் அம்மாவின் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். அதை ஊருக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தேன். அக்கா ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். என் எதிரிலேயே காலேஜுக்குப் போன் போட்டு, இந்தப் பெயரில் ஒரு பையன் படித்தானா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் போனை வைத்துவிட்டு, “நெஜமாத்தான் படிச்சிருக்க தம்பி” என்று அவர் சொன்னபோது, பட்டமளிப்பு விழாவில்கூட வராத ஒரு சந்தோஷம் வந்தது. அன்று முதல் அந்த வீட்டில் ஒயர் வைத்த எந்தச் சாமானுக்கும் நான்தான் நிபுணர். அவர் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்ட ஆள் ஆயிற்றே.

அக்காவின் சந்தேகத்துக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. பாகூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி டவுனுக்கு வந்தவர். கணவர் மில் தொழிலாளி. மில் மூடிய சில வருடங்களில் அவரும் இறந்துவிட்டார். அதற்கு முன்பே, இருபத்து நாலு வயதில், அக்கா ஒரு பேக்கரியில் தட்டு கழுவும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சேர்ந்த முதல் மாதம், மாவு கலக்கும் ஆள் வராத ஒரு நாளில், இவரைக் கலக்கச் சொன்னார்கள். சர்க்கரை என்று எழுதிய டப்பாவிலிருந்து எடுத்துக் கொட்டினார். டப்பாவுக்குள் இருந்தது தூள் உப்பு. நாற்பது கேக்.

“நாப்பதையும் தூக்கிக் குப்பையில போட்டான். எல்லாரும் என்னையே பாக்கறாங்க. டப்பாவுல யாரு ரொப்பினதுன்னு ஒருத்தன் கேக்கணுமே? கேக்கல” என்று இதை என்னிடம் ஐந்தாறு தடவையாவது சொல்லியிருப்பார். முப்பது வருடமாகியும் அந்த ‘கேக்கல’ என்ற சொல்லில் சூடு குறையவில்லை.

கழுவும் இடத்தில் நின்றபடியே பார்த்துப் பார்த்துக் கிரீம் வேலையைக் கற்றுக்கொண்டார். பதினெட்டு வருடம் கழித்து வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினார். இப்போதும் மளிகைக் கடையிலிருந்து சர்க்கரை வந்தால் தராசில் வைப்பார். பிறகு அதே தராசில் அம்மிக் குழவியை வைப்பார். குழவியின் எடையை ஒருகாலத்தில் மூன்று கடைகளில் நிறுத்துக் குறித்து வைத்திருக்கிறார். குழவி சரியாகக் காட்டினால்தான் சர்க்கரையின் எடை ஒப்புக்கொள்ளப்படும்.

இப்படிப்பட்டவர் ஒன்பது வருடமாகச் சோதிக்காமல் உள்ளே விட்ட ஒரே ஆள், ஏசி மெக்கானிக் பாவா பாய்.

முன் அறையில் ஒரு பழைய ஜன்னல் ஏசி இருந்தது. ஒரு சொல்தா வீட்டுக்காரர், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், குடும்பத்தோடு பிரான்சுக்குப் போகும்போது அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதைப் பாவா பாய்தான் உயிரோடு வைத்திருந்தார். முல்லா வீதிக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் நீட்டிக்கொண்டிருக்கும். வந்தால் கேட்டைத் திறந்து நேராக உள்ளே போவார். வேலை முடிந்ததும் மேஜையில் இருக்கும் கேக் ஓரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “சக்கர கொஞ்சம் தூக்கல்கா” என்று சொல்லிவிட்டுப் போவார். அக்காவிடம் இப்படிப் பேசக்கூடிய ஆள் நெல்லித்தோப்பிலேயே அவர் மட்டும்தான்.

அந்தப் பழைய ஏசி ஒரு பஸ் நிற்பதைப்போலத்தான் நிற்கும். அறை குளிர்ந்ததும் உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கி, ‘டபக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம்தான் அக்காவுக்கு மணி. டபக் என்று கேட்டால் அறை தயார் என்று பொருள். உடனே எழுந்து ஃப்ரிட்ஜிலிருந்து வெண்ணெயை எடுப்பார். கிரீமை அடிப்பார், கேக்கில் பூசுவார். கிரீம் பளபளவென்று மின்ன ஆரம்பித்தால் அறை சூடாகிறது, மறுபடி ஏசி. டபக் கேட்காமல் ஒருநாளும் வெண்ணெயைத் தொட்டதில்லை.

இந்த வருடம் ஏப்ரலில் அதன் கம்ப்ரசர் போய்விட்டது. பாவா பாய் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். “இனிமே இதுக்கு உசிர் குடுக்க முடியாதுக்கா. இன்வெர்ட்டர் ஏசியா ஒண்ணு எடுத்துடுங்க.” அவர் பொருத்துகிற வேலைக்குப் போகும் ஒரு பெரிய கடையிலேயே ஒன்றரை டன் மிஷின் வாங்கினோம். கடை வண்டி கிடைக்காமல் இரண்டு நாள் தள்ளி, பாய் தானே ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வெளியே வைக்கும் பெட்டியின் அட்டை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தார்.

பொருத்தி முடித்துவிட்டுப் பாய் சொன்னது ஒன்றுதான்: “இருவத்து நாலுல வெச்சிட்டு ஓட வுடுங்கக்கா. நிறுத்தி நிறுத்திப் போடாதீங்க.”

மறுநாள் ஒரு புதுநன்மை கேக். காலை எட்டு மணிக்கு ஏசியைப் போட்டுவிட்டு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து டபக் சத்தத்துக்காகக் காத்திருந்தார். ஒன்பது ஆனது. பத்து ஆனது. அறை ஜில்லென்று இருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தார். பெட்டிக்குள் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தார். மறுபடி போய்ப் பார்த்தார். பதினொன்றரைக்குக் கேக் வாங்க வந்த குடும்பம் வெள்ளை உடுப்புப் போட்ட பெண் குழந்தையோடு ஹாலில் உட்கார்ந்திருக்க, அக்கா அப்போதுதான் வெண்ணெயை எடுத்தார். இத்தனை வருடத்தில் அவர் கேக் தாமதமானது அதுதான் முதல் முறை.

அதன்பின் அவரே அந்த மிஷினுக்கு டபக் ஆனார். அரைமணிக்கு ஒருதரம் ரிமோட்டை எடுத்து நிறுத்துவார், அறை சூடானதும் பதினாறில் வைத்துப் போடுவார். சீக்கிரம் குளிரட்டும் என்று. கிரீம் வியர்த்தது, ரோஜாப்பூ இதழ்கள் தொங்கின. பக்கத்து வீட்டு அமுதவல்லி தன் பங்குக்குச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

“இன்னா அஞ்சலாட்சி, இன்வெர்ட்டர் ஏசின்னு பெருமையா சொன்ன? நேத்து கரண்ட் போனப்ப உன் ஏசியும்தான படுத்துக்கிச்சு? எங்க வூட்டு இன்வெர்ட்டர்ல ஃபேன் ஜம்முனு ஓடிச்சு.”

“அது வேற, இது வேறக்கா” என்று நான் மாடிப்படியிலிருந்தே விளக்கினேன். அவர்கள் வீட்டில் இருப்பது பேட்டரி, இதில் பேட்டரியே கிடையாது, கரண்ட் போனால் இதுவும் நிற்கத்தான் செய்யும் என்றேன். அமுதவல்லி, “படிச்ச புள்ள சொன்னா சரி” என்று இறங்கிக்கொண்டாள். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. அந்த நிமிர்வில்தான் ஒரு தப்பைச் செய்தேன்.

அக்கா என்னைக் கீழே கூப்பிட்டார்.

“தம்பி, ஒண்ணு கேக்கறேன். அட்டப்பொட்டி கிழிஞ்சிருந்துது. ரெண்டு நாள் லேட்டு. நடுவுல அது எங்க இருந்துதுன்னு நமக்குத் தெரியாது. மிஷினு நிக்கவே மாட்டேங்குது. பாய் உள்ள இருக்கறத மாத்திட்டிருப்பாரா?”

“பாயா? சேச்சே.”

“சேச்சேன்னு வாயால சொல்லாத. நீ படிச்சவன்தான? பாத்து சொல்லு.”

அலுவலகத்து எலக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் வாங்கிவந்தேன். கரண்ட் ஓடும் ஒயரைக் கிடுக்கிபோலக் கவ்வி, எத்தனை ஆம்பியர் என்று காட்டும் கருவி அது. ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு மெயின் சுவிட்சுகள் இருக்கும் எம்.சி.பி. பெட்டியின் மூடியைக் கழற்றி, ஏசிக்குப் போகும் ஒயரில் மாட்டினேன். இரண்டு புள்ளி ஒன்று என்று காட்டியது. வெளியே போய் மிஷினின் உடம்பில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தேன். ஏழு புள்ளி நாலு என்று போட்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தேன். இரண்டு புள்ளி ஒன்றுதான்.

“அக்கா, இது ஒன்றரை டன்னே இல்ல. இந்தக் கரண்ட்டுக்கு ஒரு டன்கூட வராது. சின்ன கம்ப்ரசர் உள்ள இருக்குது. அதான் நிக்காம ஓடி ஓடி ரூம குளிர வைக்குது.”

எத்தனை அழகாகப் பொருந்தியது பாருங்கள். நிற்காதது, கிழிந்த அட்டை, இரண்டு நாள், இப்போது இந்த எண். அக்கா அந்த எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தானும் ஒருதரம் படித்தார். “ஒம்போது வருஷம்” என்றார்.

புகார்க் கடிதத்தை நான்தான் எழுதினேன். நல்ல கையெழுத்து என்னுடையது. கீழே சாட்சி என்று போட்டு, என் பெயரையும் பக்கத்தில் பி.டெக். என்பதையும் எழுதினேன். மதியமே அக்கா கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ரிஜிஸ்டரில் பதிந்தார்களா என்று பார்த்துவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாவா பாய் வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. வெளியே நின்று பெல் அடித்தார். அந்த வீட்டு பெல் எங்கே இருக்கிறதென்று அவர் ஒரு நிமிடம் தேடியதை மாடியிலிருந்து நான் பார்த்தேன்.

“அக்கா, நான் மிஷின மாத்திட்டேன்னு எழுதிக் குடுத்தீங்களா?”

“குடுத்தேன்.”

“கடையில இனிமே வராதன்னுட்டாங்க. விசாரிச்சு முடியற வரைக்கும் எந்த வூட்டுக்கும் போகக்கூடாதாம். சீசன் நேரம்கா இது. ரெண்டு வூட்ல போன் பண்ணி, நாங்க வேற ஆள வெச்சிக்கறோம்னு சொல்லிட்டாங்க. மாத்தி எங்கக்கா வெச்சிருப்பேன்? என் வூட்ல ஃபேனுதான் ஓடுது, வாங்க, வந்து பாருங்க.”

“நான் ஏன் வரணும்? மிஷினு ஏன் நிக்கலன்னு சொல்லு பாய். ஒண்ணர டன்னுன்னு போட்டுட்டு ஏன் இத்தினிகாணு கரண்ட் இழுக்குது? அத்த சொல்லு.”

“அது நிக்காதுக்கா! இன்வெர்ட்டர்னா அப்படித்தான் ஓடும்!”

“அப்படித்தான்னு சொன்னா எனக்கு இன்னா புரியும்?”

“எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும். நான் கையால வேல செய்யறவன், பாடம் நடத்தறவன் இல்ல.” பிறகு தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். “மீட்டர் வெச்ச தம்பியக் கேளுங்க, அவரு படிச்சவராச்சே.”

நான் இறங்கிப் போகவில்லை. “ரெண்டு புள்ளி ஒண்ணுதான் பாய் காட்டிச்சு” என்று மேலிருந்தே சொன்னேன். பாய் கேட்டைப் பிடித்திருந்த கையை எடுத்தார். “முல்லா வீதியில இன்னிக்கி ஒருத்தன், இன்னா பாவா, கம்ப்ரசர் இன்னா வெலைக்குப் போச்சுன்னு கேக்கறான்கா” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

அக்கா உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து மூடினார். மாவு எதுவும் கலக்கவில்லை, சும்மாதான் திறந்து மூடினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே என் கதவு தட்டப்பட்டது.

“தம்பி, இன்னிக்கி அர நாள் லீவு போடு. அந்தக் கிடுக்கிய எடுத்துக்கினு வா.”

“அதான் பாத்தாச்சேக்கா.”

“எத்தினி வாட்டி பாத்த?”

“ஒரு வாட்டி.”

“அந்தக் கிடுக்கி ஒழுங்கா காட்டுதான்னு எதுல வெச்சுப் பாத்த?”

நான் அலமாரியிலிருந்து டாங் டெஸ்டரை எடுத்தேன்.

“உனக்கும் அந்தக் கடைக்காரனுக்கும் முன்னாடியே பழக்கமா?”

“அக்கா!”

“கேட்டா தப்பா? பாய சந்தேகப்பட்டேன் இல்ல, உன்ன மட்டும் ஏன் வுடணும்?”

அவமானமாக இருந்தது. என் சான்றிதழின் முத்திரையை இரண்டாவது முறையாகச் சுரண்டிப் பார்க்கிறார் என்று தோன்றியது. ஆனாலும் போனேன். முதலில் ஹால் பிளக்குக்குப் போகும் ஒயரில் மாட்டச் சொன்னார். இஸ்திரிப்பெட்டியைப் போட்டார். அதில் ஆயிரம் வாட் என்று இருந்தது. “எத்தினி காட்டணும்? கிடுக்கியப் பாக்காம முதல்ல கணக்குப் போட்டு சொல்லு.” நாலு புள்ளி மூன்று என்றேன். பார்த்தோம், நாலு புள்ளி மூன்றுதான். இஸ்திரிப்பெட்டியை எடுத்துவிட்டு ஆயிரத்து ஐந்நூறு வாட் வெந்நீர் கெட்டிலைப் போட்டார். ஆறரை என்றேன். ஆறரை காட்டியது. “சரி, கிடுக்கி பொய் சொல்லல” என்றார். குழவி தராசில் ஏறி இறங்கிவிட்டது.

“சனிக்கிழம எப்ப பாத்த?”

“பதினோரு மணிக்கு.”

“நான் ஏசிய எப்ப போட்டேன்?”

“எட்டு… எட்டரை இருக்கும்.”

“அன்னிக்கி நடுவுல நிறுத்தினேனா?”

அன்று காலை அவர் பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுப் பதினோரு மணிக்குத்தான் திரும்பியிருந்தார், அதுவரை நிறுத்த ஆளில்லை. ஏசி இரண்டரை மணிநேரம் தொடர்ந்து ஓடியிருந்தது. அதைச் சொன்னேன்.

“அப்ப ரூம் நல்லா ஜில்லுனு ஆனதுக்கு அப்புறம் போய்ப் பாத்திருக்க. வேலைய முடிச்சிட்டு உக்காந்திருக்கறவனப் பாத்து, இவன் சோம்பேறின்னு எழுதிக் குடுத்தியா?”

அந்த இடத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மூன்றாம் வருடப் பாடம் ஒன்றின் பக்கம் கண்முன் வந்தது. அதில் நான் நல்ல மதிப்பெண்தான் வாங்கியிருந்தேன். வாயைத் திறக்காமல் ஏசி ஒயரில் டாங் டெஸ்டரை மாட்டினேன். இரவு முழுக்க மூடிக்கிடந்த அறை வெக்கையாக இருந்தது. அக்கா ரிமோட்டை அழுத்தினார்.

முதலில் ஒன்று. பிறகு இரண்டரை. நாலு. ஐந்தரை. எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போய் ஏழைத் தாண்டியது. ஏழு புள்ளி மூன்று. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு எம்.சி.பி. பெட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார், மூக்குக்கண்ணாடி நழுவுவதுகூடத் தெரியாமல். முக்கால் மணிநேரம் ஏழைச் சுற்றியே இருந்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது. ஆறு, நாலரை, மூன்று. பத்தரைக்கு இரண்டு புள்ளி இரண்டு. மிஷின் நிற்கவில்லை, ஆனால் வெளியே அதன் சத்தம் பூனை மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டிருந்தது.

“இப்ப பாரு” என்று எழுந்துபோய்ப் பின்கட்டில் இருக்கும் கேக் சுடும் அடுப்பைப் பற்றவைத்தார். அது சூடேறியதும் நடுக்கதவைத் திறந்து விட்டார். அனல் முன் அறைக்குள் வந்தது. எண் மறுபடியும் ஏற ஆரம்பித்தது. மூன்று. நாலு. ஐந்து. கதவைச் சாத்தினார். கால்மணியில் இறங்கியது. திறந்தார், ஏறியது. சாத்தினார், இறங்கியது. ஆறு தடவை செய்தார். எனக்கு நான்காவது தடவையே போதும் என்று ஆகிவிட்டது.

“பழசு ஓடி ஓடி வந்து பொத்துனு படுத்துக்கும்” என்றார் கடைசியில். “இது நடக்குது. வேல இருந்தா வேகமா நடக்குது, இல்லன்னா மெதுவா நடக்குது. நானு, நின்னாதான் வேல முடிஞ்சுதுன்னு ஒக்காந்துக்கினு இருந்தேன். அரமணிக்கு ஒருவாட்டி நிறுத்தி நிறுத்தி, அத்த மறுபடி மறுபடி ஓட வெச்சதும் நான்தான்.” கண்ணாடியைக் கழற்றி மடித்தார். “கிளம்பு. கடைக்குப் போவணும்.”

கடை மேனேஜர் இனியவன் டை கட்டிய, சிரித்த முகம் உள்ள ஆள். “வாங்கம்மா, உங்க கம்ப்ளைண்ட்டுதான் போயிட்டிருக்குது. கம்பெனி ஆள் அடுத்த வாரம் வந்து திறந்து பாப்பாரு.”

“ஒண்ணும் பாக்க வேணாம். நான் குடுத்தது தப்பு. எடுத்துடு.”

“சரிம்மா. நான் பாத்துக்கறேன்.”

“நீ பாத்துக்குவியா? போன வாரம் குடுத்தத நீ ஒருவாட்டி வந்து பாத்தியா? மிஷினு மேல நம்பர் ஒட்டியிருக்குது, பில்லுல நம்பர் இருக்குது. ரெண்டும் ஒண்ணான்னு பாக்கறதுக்கு எத்தினி நேரம் ஆவும்? பாக்காமலே அந்த மனுஷன வேலைக்கு வராதன்னுட்ட.”

இனியவனின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. “நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க. இன்ஜினீயர் சாட்சி வேற.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். “நான் எழுதிக் குடுத்தேன். அது என் தப்பு. நீ டப்பாவத் தொறந்து பாக்கல, அது உன் தப்பு. ரிஜிஸ்டர எடு.”

ரிஜிஸ்டர் வந்தது. புகார் தவறு, மிஷின் சரியான மிஷின்தான், மெக்கானிக் மீது குற்றம் இல்லை என்று என்னையே எழுதவைத்தார். இந்த முறை பி.டெக். போடாமல் கையெழுத்திட்டேன். இனியவன் அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தும் வரைக்கும் அக்கா நகரவில்லை. என் போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னார். படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தார்.

“இப்ப அவருக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல போடு.”

இனியவன் போட்டார். “பாவா, நாளையிலேர்ந்து வேலைக்கு வந்துடு. கம்ப்ளைண்ட் முடிஞ்சிடுச்சு.”

அந்தப் பக்கமிருந்து பாயின் குரல் வந்தது. “யாரு சொன்னது?”

“நான்தாம்பா சொல்றேன்.”

“வராதன்னு போன வாரம் சொன்னதும் நீங்கதான். எழுத்துல அனுப்புங்க சார்.”

அக்கா குனிந்து போனைப் பார்த்தார். அனுப்பு என்பதுபோல் என் பக்கம் கையை நீட்டினார். எடுத்த படத்தை நான் பாய்க்கு அனுப்பினேன். வாட்ஸ்ஆப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்தது.

அன்றிலிருந்து மிஷின் இருபத்து நாலில் நடந்துகொண்டிருக்கிறது. டபக் இல்லாமல் வெண்ணெயை எப்போது எடுப்பது என்பதற்கு, அக்கா சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டினார். அது பொய் சொல்லலாம் என்று எதிர்ச்சுவரில் இன்னொன்றையும் மாட்டினார்.

ஆகஸ்ட் மாதம் முதல் சர்வீஸ். வேறு ஆளை அனுப்புவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பாவா பாயே வந்தார். பெல் அடித்தார். அக்கா கேட்டைத் திறந்த பிறகுதான் உள்ளே வந்தார். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவருக்கு முன்னால் ஒரு ரசீதுப் புத்தகம் வெளியே வந்தது, கார்பன் தாள் வைத்தது. மிஷினின் நம்பரை எழுதினார். உள்ளே இருக்கும் பெட்டி, வெளியே இருக்கும் பெட்டி இரண்டையும் போனில் படம் எடுத்தார். ‘திறக்கும் முன் மிஷின் சரியாக இருந்தது’ என்று எழுதி நீட்டினார்.

“இன்னா பாய் இது?”

“இப்ப எல்லா வூட்லயும் வாங்கறேன்கா. கையெழுத்து போட்டாதான் ஒரு ஸ்க்ரூவ தொடுவேன்.”

அக்கா சீட்டை வாங்கி முழுவதும் படித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே போய், நம்பரை மிஷினோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

“இப்பதான் பாய் நீ ஒழுங்கா தொழில் பண்ற” என்று கையெழுத்துப் போட்டார். “இரு, சாட்சிக்குத் தம்பியும் போடட்டும்.”

நான் பேனாவை எடுத்தேன்.

“தம்பி கையெழுத்து வேணாம்கா” என்றார் பாய், கோபமில்லாமல், சீட்டைக் கிழித்து அவரிடம் ஒரு நகலைக் கொடுத்தபடி. “அவருது கடையிலயே ரெண்டு இருக்குது.”

ஃபில்டரைக் கழுவி மாட்டி, கைகளைத் துடைத்துக்கொண்டு கிளம்பியவரை அக்கா நிறுத்தினார். ஒரு தட்டில் கேக் துண்டு வைத்து நீட்டினார். வெட்டிவிட்ட ஓரம் இல்லை, ரோஜாப்பூ உள்ள நடுத்துண்டு. பாய் அதை வாங்கவில்லை. தட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“எப்பக்கா செஞ்சது?”

ஒன்பது வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. அக்கா முகம் மாறாமல் உள்ளே போய், அந்தக் கேக் வைத்திருந்த பெட்டியை எடுத்துவந்து, மேலே ஒட்டியிருந்த தேதியைக் காட்டினார். பாய் படித்தார். பிறகு விரல் நுனியில் கிரீமைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார். எப்போதும் சொல்வதுபோல் சர்க்கரை தூக்கல் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அக்கா காத்துக்கொண்டிருந்தார்.